ஜவ்வாது மலையில் சஞ்சீவி இல்லை

என் குரலை யாரோ கடை போட்டு விற்கிறார்கள் என்று எனக்குச் சொன்னது என் மாணவி ஒருத்தி. வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி ஃபோனை நீட்டினாள். "மிஸ், இது நீங்கதானே?"

திரையில் என் முகம் இல்லை. தாடி வைத்த ஒருவர் பாறை மேல் உட்கார்ந்து, ஒரு பச்சைக் கொத்தைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தியிருந்தார். ஆனால் பேசுவது நான். "இமயமலைப் பாறைகள்ல வளரும். காய்ஞ்சு கிடந்தாலும் தண்ணி பட்டதும் உயிர் வந்துடும்." அடுத்து அவர் ஆரம்பித்தார். "கேட்டீங்களா மக்களே? தாவரவியல் பேராசிரியரே சொல்லிட்டாங்க. நம்ம ஜவ்வாது மலையில சஞ்சீவி இருக்கு! சர்க்கரையா, கிட்னியா, இனி ஊசி எதுக்கு, மாத்திரை எதுக்கு?"

நடந்தது இதுதான். மூலிகைச் சேனல் நடத்தும் அந்தத் தாடிக்காரர் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு மங்கலான படத்தை அனுப்பி, இது என்ன செடி என்று கேட்டிருந்தார். நான் குரல் பதிவில் பதில் சொன்னேன். படம் தெளிவாக இல்லை, பாசி மாதிரி இருக்கும் சிலாஜினெல்லா வகைச் செடி போலத் தெரிகிறது, பாறை மேல் பாயாகப் படரும் கூட்டமாக இருக்கலாம், அதன் சொந்தங்கள் சில இமயமலைப் பாறைகளில் வளரும், சஞ்சீவி என்று கடையில் விற்பது வேறு, இதுவும் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் உயிர் வந்துவிடும், அதனால் இது மருந்து என்று அர்த்தமில்லை. இவ்வளவையும் சொன்னேன். அவர் தனக்கு வேண்டியதை மட்டும் கத்தரித்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

உடனே அவரைக் கூப்பிட்டேன். "நான் பேசினதை வெட்டிப் போட்டிருக்கீங்க. இப்பவே எடுங்க."

"மேடம், நல்லா போயிட்டிருக்கு மேடம். நீங்க சொன்ன வார்த்தைதானே? நான் ஒண்ணும் சேர்க்கலையே."

"அது சஞ்சீவி இல்லை."

"அப்போ என்ன செடி மேடம் அது? நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

நான் பார்த்ததில்லை. அந்த மனிதர் சொன்னதில் அது ஒன்றுதான் நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஆயுத பூஜை விடுமுறை வந்ததும் பையில் கைலென்ஸ், பழைய செய்தித்தாள், ஒரு ஸ்வெட்டர் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு மாயவரத்திலிருந்து கிளம்பிவிட்டேன்.

வாணியம்பாடியில் இறங்கியபோது நல்ல பசி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் கிடைத்தன. பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் உருதுவில் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் கூட வேலை பார்க்கும் தோழியிடம் கொஞ்சம் கற்றிருந்ததால் எனக்குப் பாதி புரிந்தது. "மருமகள் சமைத்தால் அரிசி தனியாக, கறி தனியாக நிற்கிறது. இரண்டும் கோபித்துக்கொண்ட மாதிரி." நான் சிரித்ததைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். அந்தப் பயணத்தில் நான் கோபம் இல்லாமல் இருந்த கடைசி அரைமணி அதுவாகத்தான் இருக்கும்.

ஆலங்காயத்தில் காவலூர் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஒரு மளிகைக் கடைக்காரரிடம் விசாரித்தேன். "மேல பாறையில ஒரு பாசி எடுக்கிறாங்களாமே?"

"கல்பாசிங்களா? பிரியாணிக்குப் போடுறது? தோ, இங்கயே கீதே, எவ்ளோ வேணும்?"

"அது இல்லைங்க. சஞ்சீவின்னு சொல்றாங்களே."

"ஓ, அதுவா! எங்க மச்சானும் போயி ஒரு மூட்டை கொண்டாந்தாரு. இன்னா கசப்பு! கசந்தாத்தான் மருந்துன்னு குடிக்கிறாரு."

கசந்தால் மருந்து. வேப்பெண்ணெயும் கசக்கும், அதில் யாரும் காபி போடுவதில்லை என்று சொல்ல நினைத்தேன். பேருந்து வந்துவிட்டது.

மலையேற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு வளைவில் இன்ஜினிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, எங்கே பார்த்தாலும் பாறை. எங்கள் டெல்டாவில் கல் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குத்தான் போக வேண்டும், அதுவும் வேறு ஊரிலிருந்து வந்த கல். இங்கே மனிதர்கள்தான் கல்லுக்கு நடுவே இடம் கேட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடத்துநர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிக்கொண்டே என்னைக் கேட்டார். "பாசிக்கா வந்தீங்க? ஞாயித்துக்கிழமை வந்திருந்தா நிக்கக்கூட எடம் இருக்காது. வண்டி வண்டியா வர்றாங்க."

"என்ன செடின்னே தெரியாம குடிக்கிறாங்களே?"

"யாரோ டீச்சர் சொல்லியிருக்காங்களாமே," என்றார் அவர். நான் பள்ளத்தாக்கைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

காவலூரில் என் பழைய மாணவி வெண்ணிலா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். வெளிச்சம் மங்கிய நேரத்திலும் மரங்களுக்கு மேலே தொலைநோக்கிக் கூடத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிந்தது. குளிர் நான் நினைத்ததைவிட அதிகம். வெண்ணிலா சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும் போட்டாள். பொன்னி அரிசியிலேயே பிறந்து வளர்ந்த நான் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவளும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தாள். என் குரல் என்று கண்டுபிடித்தும் இருந்தாள். "உங்ககிட்ட கேக்கச் சங்கடமா இருந்துச்சு மேடம்," என்றாள். இந்தச் சங்கடம்தான் என்னைச் சுட்டது. என்னிடம் படித்தவளே, நான் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று கொஞ்ச நாள் நம்பியிருக்கிறாள்.

மறுநாள் காலை அவளுடைய ஸ்கூட்டியில் போனோம். வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சாலையோரப் பாறைகளில் வெள்ளைச் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டு "சஞ்சீவிப் பாறை" என்று எழுதியிருந்தார்கள். அம்புகள் முடிந்த இடத்தில் சாய்வான ஒரு பெரிய பாறை, அடியில் ஒரு சின்ன ஊற்று, அதை ஒட்டிச் சாமைப் பயிர். பயிருக்கு நடுவே மாட்டு வண்டி போகும் அகலத்துக்கு மிதித்த தடம்.

தடத்தின் வாயில் ஒரு பெண் கையில் அரிவாளோடு நின்றிருந்தாள். முட்செடி வெட்டிக் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் காசியம்மா என்று பிறகு தெரிந்தது.

"இன்னாத்துக்கு வந்தீங்க? பாசிக்கா? அப்டியே திரும்பிப் போங்க. எங்க கொல்லையப் பாருங்க, இன்னா கதி பண்ணி வெச்சிருக்கானுங்க."

எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். இங்கே கொல்லை என்றால் வயிற்றுக்குச் சோறு போடும் நிலம். கதிர் விட்ட சாமை தரையோடு தரையாகக் கிடந்தது. ஊற்றில் பிஸ்கட் உறைகளும் தண்ணீர் பாட்டில்களும் மிதந்தன.

"நாங்க எடுக்க வரலைம்மா. பார்க்க வந்தோம்," என்றாள் வெண்ணிலா. தன் மகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் என்பதால் காசியம்மா வழி விட்டாள். எங்கள் பின்னாலேயே வந்தாள், நம்பிக்கையில்லாமல்.

பாறையைப் பார்த்தேன். கைக்கு எட்டும் உயரம் வரை உரித்துவிட்டிருந்தார்கள். பச்சைப் பாய் இருந்த இடமெல்லாம் வெளிறிய தழும்புகள். கரண்டி, கடப்பாரை, எது கிடைத்ததோ அதனால் சுரண்டிய கோடுகள். நடுவில் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிய கரி. அள்ளிக்கொண்டு போகிற பொருளுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேலே, யாருக்கும் எட்டாத சரிவில் அது இன்னும் உயிரோடு இருந்தது. யாரோ தவறவிட்ட ஒரு துண்டு காலடியில் கிடந்தது. பாறையிலிருந்து ஒரு நூல்கூடப் பிய்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துண்டை எடுத்து லென்ஸின் கீழ் பிடித்தேன்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சஞ்சீவி என்று விற்கும் செடிக்குக் கிளை விசிறி மாதிரித் தட்டையாக இருக்கும். இலைகளில் பெரிது சிறிது என்று இரண்டு அளவு உண்டு. காய்ந்தால் பறவைக் கால் மாதிரி மடங்கி உருண்டையாகும். இது அப்படியில்லை. தண்டு தரையோடு ஊர்ந்து, போகிற இடமெல்லாம் வேர் விட்டுப் பாறையைக் கவ்வியிருந்தது. இலைகள் எல்லாம் ஒரே அளவு, தண்டைச் சுற்றி ஊசி ஊசியாக நெருங்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளை முடி. கிளை முனையில் நான்கு பட்டையாகச் சின்னஞ்சிறு கதிர். பனிமலைப் பாறைகளில் வாழும் கூட்டத்தின் தெற்கத்திச் சொந்தம். அப்பனே, நான் குரல் பதிவில் சொன்னது சரிதான். முழுதாகக் கேட்டிருந்தால் சரிதான். கல்லூரிக்குத் திரும்பி நுண்ணோக்கியில் சிதல்களை, அதன் வித்துத் துகள்களை, பார்த்த பிறகு பெயரையும் எழுதினேன்: சிலாஜினெல்லா வைட்டியை. நம் பக்கத்துப் பாறைகளிலும் இலங்கையிலும் இருப்பது. இதைக் குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று யாரும் எங்கும் காட்டியதாக எனக்குத் தெரியாது.

வெண்ணிலாவுக்கு லென்ஸைக் கொடுத்து அந்த வெள்ளை முடியைக் காட்டிக்கொண்டிருந்தபோது கீழே ஸ்கூட்டர் சத்தம். காசியம்மா முள்ளை நோக்கி ஓடுவதற்குள் ஒரு பெண் முந்தானையைச் சொருகிக்கொண்டு ஏறி வந்துவிட்டாள். கையில் தோசைத் திருப்பி, தோளில் காலிச் சாக்கு. அவளுடைய கணவர் பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் நேராகப் பாறைக்குப் போய்த் திருப்பியை வைத்தாள்.

"எடுக்காதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் எனக்கே தொண்டை வலித்தது.

"உங்களுக்கு இன்னாங்க? மலையில கெடக்குறது. நாங்க படவேட்டுல இருந்து வர்றோம். எங்க வூட்டுக்காரருக்கு மருந்து தீந்து போச்சு."

"இது மருந்து இல்லைம்மா. சஞ்சீவியும் இல்லை. நான் இப்பதான் பார்த்தேன்."

"நீங்க பாத்தா ஆச்சா? படிச்ச பேராசிரியரம்மாவே சொல்லியிருக்காங்க. இருங்க, கேளுங்க." அவள் ஃபோனில் இறக்கி வைத்திருந்த வீடியோவைத் தட்டினாள். அந்தச் சரிவில், நாலு பேர் நடுவில், என் குரல் கணீரென்று கேட்டது. இமயமலைப் பாறைகள்ல வளரும். காய்ஞ்சு கிடந்தாலும் தண்ணி பட்டதும் உயிர் வந்துடும்.

வெண்ணிலா தரையைப் பார்த்தாள்.

"அந்தக் குரல் என்னோடதுதான்," என்றேன்.

"போங்கம்மா, வெளையாடாதீங்க."

அதே இரண்டு வரியை அதே மாதிரிச் சொல்லிக் காட்டினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசைத் திருப்பி மெல்லக் கீழே இறங்கியது. எனக்குப் பின்னாலிருந்து காசியம்மாதான் முதலில் பேசினாள்.

"அப்ப நீதானா அது?" இவ்வளவு நேரம் இருந்த "நீங்க" போய்விட்டது. "உன்னாலதான் எங்க கொல்லை போச்சா?"

வெட்டினார்கள், ஒட்டினார்கள், நான் அப்படிச் சொல்லவில்லை என்று படபடவென்று விளக்கினேன். எவ்வளவு உண்மையாக இருந்தாலும், மிதிபட்ட சாமைக்கு முன்னால் நின்று சொல்லும்போது அது சாக்காகத்தான் கேட்டது.

படவேட்டுப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்போ இதுல சர்க்கரை எறங்காதா?"

"இறங்காது. ஏன், அவருக்குச் சர்க்கரையா? ஊசி போட்டுக்கிறார்தானே?"

"நிறுத்திட்டோமே," என்றாள். "இனி ஊசி எதுக்குன்னு அதுல சொன்னாங்களே."

கீழே அவளுடைய கணவர் குனிந்து வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

நாங்கள் இறங்கி ஓடியபோது அவர் கல்லில் சாய்ந்து கிடந்தார். நீளநீளமாக மூச்சு வாங்கினார், ஏதோ தூரம் ஓடி வந்தவரைப்போல. பக்கத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் காலி. நாக்கு வறண்டிருந்தது. இடது காலில் கட்டியிருந்த துணியை விலக்கினால் புண்ணின் மேலே பச்சையாக அரைத்துப் பூசியிருந்தது. அதே பாசி. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாடிக்காரர் எதிரே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"அம்சா, தண்ணி," என்றார் அவர். இதோடு அவள் பெயர் தெரிந்தது. அவர் பெயர் முருகேசன், கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர்.

ஸ்கூட்டரில் அவரை உட்கார வைக்க முடியாது. ஆம்புலன்ஸுக்கு அடிக்க வெண்ணிலாவின் ஃபோனில் சிக்னல் இல்லை, என்னுடையதிலும் இல்லை. வீடியோ ஏறும் இடமெல்லாம் சிக்னல் ஏறுவதில்லை போலும். காசியம்மா சாமைக் கொல்லைக்கு நடுவே விழுந்தடித்து ஓடினாள். தன் பயிரைத் தானே மிதித்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய கொழுந்தன் ஓட்டும் குட்டியானை லாரி சாலையில் வந்து நின்றது. பின்னால் முழுக்கச் சந்தைக்குப் போகும் சீத்தாப்பழக் கூடைகள். அவளே பாதிக் கூடைகளை இறக்கிச் சாலையோரம் வைத்தாள். முருகேசனைத் தூக்கி ஏற்றினோம். அம்சா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள், நான் கால் மாட்டில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கெல்லாம் தொந்தரவு குடுத்துட்டேன்," என்றார் முருகேசன் என்னிடம், மூச்சுக்கு நடுவே. அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இறங்கும் வழியில், குறுகலான ஒரு வளைவில் எதிரே ஒரு வேன். உள்ளே குடும்பம் குடும்பமாக ஆட்கள், கூரை மேல் காலிச் சாக்குகள். பின்னால் போக மாட்டேன் என்று நின்றது. எங்கள் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். வேனிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "அண்ணே, மேல பாசி இருக்கா, தீந்துடுச்சா?" என்று கேட்டார்.

நான் குதித்து இறங்கினேன். இருபது வருடமாக வகுப்பறையில் சேர்த்துவைத்த குரல் முழுவதும் அப்போது வெளியே வந்தது. "பாசி குடிச்ச ஆள்தான்யா இதோ கிடக்கிறார்! வந்து பாருங்க! பார்த்துட்டு வண்டியைப் பின்னால எடுங்க!" அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வேன் பின்னால் போனது. ஆனால் நாங்கள் கடந்ததும் அது திரும்பிப் போகவில்லை, மலை ஏறித்தான் போனது. அதையும் பார்த்தேன்.

ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மீட்டரை இன்னொரு முறை பார்த்தார். உடனே ட்ரிப் ஏற்றச் சொன்னார். "ஊசியை யார் நிறுத்தச் சொன்னது?" என்று அம்சாவைக் கேட்டார். அம்சா என்னைப் பார்த்தாள். திருப்பத்தூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். "இன்னிக்கு விட்டிருந்தா நாளைக்கு வந்திருக்க மாட்டார். இந்த வாரம் இப்படி வர்ற ரெண்டாவது ஆளு இவரு."

அன்று மாலையே சேனல்காரரை மறுபடி கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். இதையே ஒரு பேட்டியா எடுத்துடலாமே? ரெண்டு பக்கமும் மக்களுக்குத் தெரியட்டும்," என்றார். நான் ஃபோனை வைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் வீடியோ அப்படியே இருந்தது. தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் சேர்ந்திருந்தது. அதுதான் அவர் செய்த திருத்தம்.

மூன்றாம் நாள் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முருகேசனுக்கு மூச்சு சீராகியிருந்தது. இட்லி வேண்டும் என்று கேட்கும் அளவுக்குத் தெளிந்திருந்தார். காலைக் காப்பாற்ற முடியுமா என்று இன்னும் சில நாள் பார்த்துத்தான் சொல்வார்களாம். அம்சா என்னைக் கண்டதும் வெளியே வராந்தாவுக்கு வந்தாள். பழம் வாங்கிப் போயிருந்தேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எங்க ஊர் குரூப்புல இன்னும் ஏழெட்டு பேரு குடிக்கிறாங்க," என்றாள். "நான் சொன்னா கேக்க மாட்டாங்க. உங்க குரலைத்தான் நம்பினாங்க. இப்போ அதே குரல்ல சொல்லுங்க. நான் போட்டு உடுறேன்."

ஃபோனை என் வாய்க்கு நேராக நீட்டினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "ஜவ்வாது மலையில எடுக்கிற இந்தப் பாசி மருந்து இல்லை."

சொல்லி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. கடைசி ஒரு சொல்லை வெட்டினால் போதும். ஜவ்வாது மலையில் எடுக்கிற இந்தப் பாசி மருந்து.

"இதை அழிச்சிடுங்க," என்றேன். "வேற மாதிரி சொல்றேன்."

அம்சா அழித்துவிட்டு மறுபடி நீட்டினாள். எந்தப் பக்கம் கத்தரித்தாலும் தலைகீழாகாத ஒரு வாக்கியத்தைத் தேடி, அந்த வராந்தாவில் மருந்து நெடிக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். இருபது வருடம் தமிழில் பாடம் நடத்தியவள், இப்படி ஒரு வார்த்தையைத் தேடியதில்லை.

"குடிக்காதீங்க," என்றேன். "ஊசியை நிறுத்தாதீங்க."

அம்சா அதைக் காதருகே வைத்து ஒருமுறை கேட்டாள், இன்னொரு முறை கேட்டாள். பிறகு அனுப்பினாள். என்னிடம் போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல், கணவருக்கு இட்லி வாங்கப் படியிறங்கிப் போனாள்.